பின்னறைக்கு எட்டாத வைஃபை

எங்கள் வீட்டில் வைஃபை பின்னறைக்கு வராது. இவர் இருந்த காலத்தில் அதை ஒரு குறையாக யாரும் நினைக்கவில்லை. அந்த அறையில் ஒரு பழைய கட்டிலும், என்னுடைய தையல் மெசினும், இவருடைய மேசன் சாமான்களும் கிடந்தன. மட்டப்பலகைக்கும் தூக்குக்குண்டுக்கும் எதற்கு இன்டர்நெட்? இவர் மௌத்தான பிறகு, நான் இத்தா இருக்க அந்த அறைதான் தோது என்று சொந்தக்காரர்கள் கூடி முடிவு செய்தார்கள். கணவனை இழந்தவள் நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டோடு, அந்நிய ஆண்களின் கண்ணில் படாமல் இருக்கிற காலம் அது. ஹோலுக்கு ஆட்கள் வந்து போவார்கள், பின்னறைக்கு யாரும் வர மாட்டார்கள் என்றார்கள். யாரும் வர மாட்டார்கள் என்பது நூற்றுக்கு நூறு உண்மை.

இவர் மேசன் வேலை செய்தவர். சண்டைக் காலத்தில் எங்கள் ஆட்களை ஊரைவிட்டு விரட்டியபோது மன்னாரிலிருந்து உடுத்த உடுப்போடு வந்து, ஓலைக் கொட்டிலில் சில வருடங்கள் இருந்துவிட்டு, பிறகு தில்லையடியில் கிடைத்த துண்டு நிலத்தில் ஒரே ஓர் அறை கட்டினார். "எப்பிடியும் ஊருக்குத் திரும்பிப் போகத்தானே போறம், இது காணும்" என்றார். அந்த அறைதான் இந்தப் பின்னறை. நாங்கள் போகவில்லை. மகள் பிறந்ததும் அதற்கு முன்னால் இன்னோர் அறை வந்தது. அவள் பெரியவளானதும் இன்னொன்று. சண்டை முடிந்து ஊர்ப்பாதை திறந்தபோது போய்ப் பார்த்தோம். எங்கள் பழைய வீட்டு வளவில் வளர்ந்து நின்ற காட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். வந்த அடுத்த மாதமே ஹோலுக்கு அத்திவாரம் வெட்டினார். இப்படியாக எங்கள் வீடு பின்னாலிருந்து முன்னால், வீதியைப் பார்த்துத்தான் வளர்ந்தது.

புதிய அறை கட்டும்போதெல்லாம் பழைய சுவரை நம்ப மாட்டார். அதை ஒட்டியே இன்னொரு சுவரை எழுப்புவார். ஒரு சுவர் மற்றச் சுவரில் சாயக்கூடாது என்பது இவருடைய கட்சி. மனுசன் சீனி போடுவதிலிருந்து சிரிப்பதுவரை எல்லாவற்றிலும் சிக்கனம். சீமெந்து போடுவதில் மட்டும் கை தாராளம். அதனால் ஹோலிலிருந்து பின்னறைக்கு வருவதற்குள் வைஃபை நான்கைந்து சுவர்களைக் கடக்க வேண்டும். பாவம், அது என்ன செய்யும்?

ரவுட்டரை வைத்தவள் மகள். கட்டாருக்கு வேலைக்குப் போவதற்கு முதல் கிழமை ஹோல் ஜன்னலில் வைத்துவிட்டு, "உம்மா, இத இங்கேருந்து அசைக்கப்படாது, டவர் வீதிப்பக்கம்தான் இரிக்கி" என்று சொல்லிவிட்டுப் போனாள். அசைத்தால் ரவுட்டருக்கே சிக்னல் குறைந்துவிடும். பின்னறையில் போனுக்குத் தனியாக வருகிற சிக்னலும் அரைகுறை. அறை வாசலில் நின்று கையை வெளியே நீட்டினால் வைஃபையில் ஒரு கோடு காட்டும். அந்த ஒரு கோட்டை நம்பித்தான் அன்றைக்கு நான் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

இவர் போனது ஒரு விடியற்காலை, ஸுபஹுத் தொழுகைக்குப் பிறகு. பிளேன்ரீ கேட்டார், ஊற்றிக்கொண்டு வந்தேன், கதிரையில் சரிந்து கிடந்தார். பின்னேரம் அஸர் தொழுகையோடு அடக்கம் என்று பள்ளியில் அறிவித்துவிட்டார்கள். எங்களில் மையித்தை வைத்துக்கொண்டு காத்திருக்கும் வழக்கமில்லை. மகள் அங்கே விமான டிக்கட்டுக்கு ஓடினாள். எந்தக் கணக்குப் போட்டாலும் அவளால் வந்து சேர ஏலாது. முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்தவள் நான், எனக்கே அந்தக் கணக்குச் சரிவரவில்லை. "உம்மா, வாப்பாட முகத்த வீடியோவுல சரி ஒருக்கா காட்டுங்க" என்று கேட்டாள்.

குளிப்பாட்டி, கபன் துணி சுற்றிப் பின்னறையில் வைத்திருந்தார்கள். கடைசியாக முகம் பார்க்கப் பெண்களைக் கூப்பிட்டார்கள். நான் வாசலில் நின்று, போனைப் பிடித்த கையை நீட்டிக்கொண்டு, "தெரியுதா மகள், தெரியுதா?" என்று கேட்டேன். "ம்" என்றாள். உள்ளே ஒரு பெண்ணின் கை முகத்துத் துணியை நீக்கப் போன நேரம் அழைப்பு நின்றுவிட்டது. மீண்டும் எடுத்தேன். போகவில்லை. ஹோலுக்குப் போகிற நடைக்கு ஓடி அங்கேயிருந்து எடுத்தேன், அப்போதும் எடுபடவில்லை. ஹோல் பக்கம் ஆண்கள் நின்றதால் அதற்கு மேலே போக முடியவில்லை. திரும்பி வந்தபோது முகத்தை மூடி முடிச்சும் போட்டாயிற்று. இவருடைய மூத்த சகோதரி, என்னுடைய மதினி, "பாத்திட்டியா புள்ள?" என்று கேட்டார். ஓம் என்றேன். வெளியே மையித்தைத் தூக்கிப்போகச் சந்தூக்கு வந்து நின்றது.

"லைன் போயிட்டு மகள், மன்னிச்சுக்கோ" என்று அழுதழுது குரல் பதிந்து அனுப்பினேன். "ஓம் உம்மா, பரவாயில்ல" என்று எழுத்தில் பதில் வந்தது.

அதற்குப் பிறகு அவள் வீடியோவில் வரவே இல்லை. தினமும் ஒரு குரல் பதிவு அனுப்புவாள். சாப்பிட்டீங்களா, பிரஷர் குளிசை போட்டீங்களா, வைக்கிறன் உம்மா. நான் ஏதாவது கேட்டால், "அங்க லைன் சரியில்லத்தானே உம்மா, விடுங்க" என்பாள். வாப்பாவின் முகத்தைக் காட்டத் தவறிய உம்மாவின் முகத்தை இவள் பார்க்க விரும்பவில்லை என்று நான் விளங்கிக்கொண்டேன். இருந்தது ஒரே பிள்ளை. இவர் போனதோடு அவளும் போய்விட்டாள் என்று நினைத்து நினைத்து அந்த அறையில் அழுதேன்.

இத்தாக் காலத்தில் எல்லாம் அறைக்கே வந்துவிடும். சோறு அறைக்கு வரும், தேத்தண்ணி அறைக்கு வரும், மருந்தும் வரும், துவைத்த வெள்ளை உடுப்பும் மடித்து வரும். மதினி எனக்காக மதுரங்குளியிலிருந்து வந்து தங்கியிருந்தார். நல்ல மனுசி. ஆனால் சட்டதிட்டத்தில் மௌலவிமாருக்கே இரண்டு பாடம் எடுப்பார். வீட்டுக்குள்ளே நடமாடலாம் என்று மார்க்கம் தெரிந்தவர்கள் சொன்னாலும், "ஆம்புள வந்து போற வீடு, நீ உள்ளுக்கே இரி" என்று என்னை நடைக்கும் விட மாட்டார். பேசுவதற்கு ஆளில்லாமல் நான் சுவரோடு சண்டை பிடிக்கத் தொடங்கினேன். "ஏன் மனுசா இப்பிடித் தடிப்பாக் கட்டின? ஆர் வந்து இடிக்கப் போறாங்கண்டு நினைச்ச?" என்று கேட்பேன். இரண்டு மாதம் அப்படிப் போயிற்று.

ஒரு நாள் பொறுக்க முடியாமல் கடைத்தெருவிலுள்ள கொமினிகேஷன் கடைக்குப் போன் எடுத்தேன். கடைக்காரர் என்னிடம் படித்தவர். விசயத்தைச் சொன்னேன். "அதுக்கு எக்ஸ்டெண்டர் எண்டு ஒரு சாமான் இரிக்கி டீச்சர். ப்ளக்கில குத்தினாச் சரி. வைஃபைய எடுத்து அங்கால குடுக்கும்" என்றார். நானே வந்து பூட்டித் தருகிறேன் என்று பின்னேரம் வந்தும் விட்டார்.

அன்றைக்கு நடந்ததை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வரும். கடைக்காரர் ஹோலில், ரவுட்டருக்குப் பக்கத்தில் கதிரையில் இருந்தார். நான் பின்னறையில், திரைக்கு அந்தப் பக்கம். மதினி நடையின் நடுவில் முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு நின்றார். கடைக்காரர் சொல்வது எனக்கு நன்றாகக் கேட்கும். நான் சொல்வதும் அவருக்குக் கேட்கும். இருந்தாலும் ஒவ்வொரு சொல்லையும் மதினி வாங்கி, சத்தம் கூட்டி, மற்றப் பக்கம் கொடுத்தார்.

முதலில் கடைக்காரர் ஹோலிலேயே அதைக் குத்தி, ரவுட்டரின் பட்டனையும் இதன் பட்டனையும் அமத்தி இரண்டையும் சேர்த்தார். பச்சை விளக்கு எரிந்தது என்று செய்தி வந்தது. பிறகு கழற்றி மதினியிடம் கொடுக்க, மதினி என்னிடம் கொண்டுவந்தார். வெள்ளை நிறத்தில், ஒரு சவர்க்காரக் கட்டியளவில் இருந்தது. என் கட்டில் தலைமாட்டு ப்ளக்கில் குத்தினேன்.

"என்ன வெளிச்சமெண்டு கேக்குறார்" என்றார் மதினி.

"சிவப்பு எண்டு சொல்லுங்க."

"தம்பி, சிவப்பாம்!"

"கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்க."

"பொறுக்கட்டாம்!"

பொறுத்தோம். சிவப்புத்தான். கழற்றிக் குத்தினேன். சிவப்பு. மறுபடி ஹோலுக்குக் கொண்டுபோனால் பச்சை, என் அறைக்கு வந்தால் சிவப்பு. இத்தா இருக்கிற அறைக்குள் வந்து பார்க்க அவருக்கு வழியில்லை. "இந்தச் சுவருக்கு இது ஏலாது போலிரிக்கி டீச்சர், கொழும்புல பெரிய சாமான் இரிக்கி, கேட்டுப் பாக்கிறன்" என்று அவரே நேராகச் சொன்னார். மதினி அதையும் விடாமல் எனக்குத் திருப்பிச் சொன்னார்.

அந்தச் சிவப்பு விளக்கு மூன்று நாள் என் தலைமாட்டில் எரிந்தது. கழற்றி எறிய மனம் வரவில்லை. நான்காம் நாள் முற்பகல், மதினி பென்சன் அலுவலாக வெளியே போயிருந்தார். வீட்டில் ஒரு சத்தமில்லை. அந்தப் பெட்டியோடு வந்த கடதாசியை விரித்தேன். எழுத்து எறும்பு மாதிரி; கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படிக்கப் போனால், படிக்கத் தேவையே இருக்கவில்லை. படம் ஒன்று போட்டிருந்தார்கள். ஒரு வீடு, அதன் ஒரு கோடித் தொங்கலில் ரவுட்டர், மறு தொங்கலில் கட்டிலில் இருந்துகொண்டு போன் பார்க்கும் ஒரு பெண். எக்ஸ்டெண்டர் அந்தப் பெண்ணின் அறையில் இல்லை. இரண்டுக்கும் நடுவில் இருந்தது.

எனக்கு என்மேலேயே ஆத்திரம் வந்தது. சிக்னல் வராத இடத்தில் அதைக் குத்திவிட்டு, ஏன் சிக்னல் தரவில்லை என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறோம். அதற்குக் கிடைத்தால்தானே அது கொடுக்கும்? இத்தா இருக்கிறவளுக்கு எல்லாவற்றையும் அறைக்கே கொண்டுபோய்க் கொடுத்துப் பழகிய வீடு; சோற்றுக் கோப்பையைப் போல இதையும் கொண்டுவந்து தலைமாட்டில் வைத்துவிட்டோம். எனக்கோ, மதினிக்கோ, தொழில் தெரிந்த அந்தக் கடைக்காரருக்கோ வேறு மாதிரி யோசிக்கவே தோன்றவில்லை. இத்தனைக்கும் அன்றைக்கு மதினி நடுவில் நின்று இரண்டு பக்கத்துக்கும் கேட்கும்படி கதைத்துக் காட்டினார். மதினி நின்ற இடத்தில்தான் அதைக் குத்தியிருக்க வேண்டும்.

திரையை விலக்கிக்கொண்டு நடைக்கு வந்தேன். இரண்டு மாதத்துக்குப் பிறகு என் வீட்டில் நான் நடந்தேன். ஹோல் ஜன்னலுக்குப் போய் அங்கிருந்து அடி எண்ணிக்கொண்டு வந்தேன். பின்னறை வாசலுக்குப் பதினேழு அடி. எட்டாவது அடியில், நடைச் சுவரில், ஒரு ப்ளக் இருந்தது.

அது எனக்குத் தெரிந்த ப்ளக்தான். இவர் போன் சார்ஜ் போடுகிற இடம். வேலைவிட்டு வந்ததும் சேர்ட்டை ஆணியில் மாட்டி, போனை அங்கே குத்திவிட்டுத்தான் முகம் கழுவப் போவார். போனை மச்சினன்மார் யாரோ எடுத்து வைத்திருந்தார்கள். சார்ஜரை யாரும் எடுக்கவில்லை. சீமெந்துத் தூள் படிந்த வயரோடு அது அப்படியே குத்தியிருந்தது. சுவிட்சும் போட்டபடி. இவ்வளவு நாளும் ஒன்றுக்கும் இல்லாமல் அதற்குக் கரண்ட் போய்க்கொண்டிருந்திருக்கிறது.

கழற்றக் கை வரவில்லை. வேறு ப்ளக் இருக்கிறதா என்று பார்த்தேன், இல்லை. ஒரு நடைக்கு ஒரு ப்ளக் காணும் என்று கணக்குப் பார்த்தவர் இவர்தான். சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதேன். யாரும் இல்லாததால் சத்தமாகவே அழுதேன். பிறகு சுவிட்சை நிறுத்தி, சார்ஜரை இழுத்து எடுத்து, வயரைச் சுற்றி என் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டேன். அந்த இடத்தில் வெள்ளைப் பெட்டியைக் குத்தினேன். சிவப்பு எரிந்தது. மஞ்சளானது. துஆக் கேட்காத குறையாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். பச்சை எரிந்தது.

அறைக்கு ஓடினேன். போனில் மூன்று கோடு. கட்டிலில் ஏறி இருந்து பார்த்தேன், மூன்று. ஜன்னல் மூலையில் பார்த்தேன், இரண்டு. போதும். மகளுக்கு வீடியோவில் எடுத்தேன். அவள் ஒரு கிளினிக்கில் ஆட்களைப் பதிகிற மேசையில் வேலை செய்கிறாள். தேத்தண்ணி குடிக்க விடுகிற நேரம். எடுக்க மாட்டாள் என்று நினைத்தேன். எடுத்தாள்.

முகம் தெளிவாக வந்தது. மெலிந்திருந்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. இதையெல்லாம் குரல் பதிவில் எங்கே கேட்பது?

"உம்மா? வீடியோ எப்பிடி?"

நான் கதையை ஒரே மூச்சில் சொன்னேன். எக்ஸ்டெண்டர், மதினி, சிவப்பு, பச்சை, நடு நடை. "இனிக் கட்டாகாது மகள். இப்பத் தெளிவா இரிக்கா?"

"ஓம் உம்மா. உங்கட கண்ணாடியில கீறல் கூடத் தெரியுது."

"இத அப்பவே வாங்கி வச்சிருக்கணும். வச்சிருந்தா அண்டைக்கு வாப்பாட முகத்த நீ பாத்திருப்ப. என்ட பிழைதான். லைன் இல்லாத இடத்துல நிண்டுகொண்டு..."

"உம்மா."

"இல்ல, சொல்ல விடு. நீ என்னோட கோவமா இரிக்கிறண்டு எனக்குத் தெரியும்..."

"உம்மா, அண்டைக்கு லைன் கட்டாகல்ல." அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "நான்தான் வெட்டின."

எனக்கு முதலில் வந்தது கோபம். ஒளிக்க என்ன இருக்கிறது? இரண்டு மாதம் சுவரை ஏசியிருக்கிறேன், மண்ணுக்குள் போன மனுசனை ஏசியிருக்கிறேன், என்னையே ஏசியிருக்கிறேன். வாய்வரைக்கும் வந்ததை விழுங்கிக்கொண்டு பார்த்தேன். திரையில் அவளுடைய தலைமுக்காடு மட்டும் தெரிந்தது.

"துணிய நீக்கப் போனாங்க. நான் கட்டாருக்கு வரக்குள்ள வேனடியில வாப்பா கை காட்டின முகம்தான் உம்மா என்னட்ட இரிக்கி. அதுக்கு மேல இத வைக்க எனக்கு ஏலாமப் போச்சு. பிறகு நீங்க லைன் போயிட்டெண்டு அழுதீங்க, நான் ஓம் எண்டுட்டன். அந்தப் பொய்க்குப் பிறகு உங்கட முகத்தப் பாக்க வெக்கமா இருந்திச்சு."

லைன் அசையாமல் நின்றது. பச்சை விளக்கு என்னை எதற்கோ கூப்பிட்டுவிட்டு நிற்பதுபோல, விலகிக் கிடந்த திரைக்கு அப்பால் நடைச் சுவரில் எரிந்துகொண்டிருந்தது. இதற்கு மேல் ஒளிக்க எனக்கும் ஒரு சாட்டு இல்லை.

"நானும் பாக்கல்ல மகள்" என்றேன்.

அவள் தலையை நிமிர்த்தினாள்.

"லைன் போயிட்டெண்டு நினைச்சு நான் போனப் பாத்துக்கொண்டு நடைக்கு ஓடின. திரும்பி வரக்குள்ள மூடிட்டாங்க. பாத்திட்டியாண்டு உன்ட மாமி கேட்டா. ஓம் எண்டு சொன்ன. திரும்ப அவுக்கச் சொல்லி ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாம். அவ்வளவு ஆக்களுக்கு முன்னால வாய் வரல்ல. முப்பத்தாறு வருசம் கூட இருந்த மனுசன்ட முகத்தக் கடைசியா நான் பாக்கல்ல."

இதை நான் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. மதினியிடம் சொல்லவில்லை, தொழுகைப் பாயில்கூட வாய் திறந்து சொல்லவில்லை. சொன்ன பிறகு, அவள் வெட்டியதால்தான் நான் பார்க்கவில்லை என்று அவளே கணக்குப் போட்டுவிடுவாளே என்று பயந்தேன். போட்டுவிட்டாள். அது அவள் முகத்தில் தெரிந்தது. அவ்வளவு தெளிவான லைன்.

"அது உன்ட பிழையில்ல" என்றேன். "நான் போன வச்சிட்டு அவரப் பாத்திருக்கணும். நீ பாக்கணுமெண்டுதான் ஓடின. விடு."

"உம்மா, என்னால தாங்க ஏலா உம்மா" என்று மட்டும் சொன்னாள். பிறகு அங்கே யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். தேத்தண்ணி நேரம் முடிந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு எழும்பினாள்.

"நான் வேலைக்குப் போகணும். வச்சிடாதீங்க. போன சட்டப் பைக்குள்ள போட்டுக்கொள்றன். கதைக்க ஏலாது. ஆனா வச்சிடாதீங்க."

திரை கறுத்தது. துணி உரசுகிற சத்தம் கேட்டது. அவள் நடக்கிற சத்தம், கதிரையை இழுக்கிற சத்தம், யாரோ ஓர் ஆள் அரபியில் ஏதோ கேட்க அவள் மூக்கடைத்த குரலில் பதில் சொல்வது, ஒரு குழந்தையின் அழுகை, கடதாசி கிழிக்கிற சத்தம். நான் கட்டிலில் சாய்ந்து, போனைக் காதோடு வைத்துக்கொண்டு, ஒரு கையைச் சட்டைப்பையிலிருந்த சார்ஜர் வயரில் வைத்தபடி கேட்டுக்கொண்டு கிடந்தேன். மதினி வந்து சோற்றை வைத்துவிட்டு, என்ன என்று சைகையால் கேட்டார். பிறகு சொல்கிறேன் என்று கையைக் காட்டினேன்.

அஸர் பாங்கு சொல்லும்வரை அந்த அழைப்பு இருந்தது. அவளும் வெட்டவில்லை, நானும் வெட்டவில்லை.